12 வயதில் கப்பல் ஏறிய சிறுவன்... ரயில் பாதை நெடுக கடை போட்ட வணிகர்! யார் இந்த அல்லிதினா விஸ்ராம்?

ஆப்பிரிக்காவில் தொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் இன்று அடிக்கடி சொல்லும் நாடுகள் கென்யா, உகாண்டா. ஆனா, வங்கிக் கடனும் சரியான சாலையும் இல்லாத காலத்திலேயே அங்கே போய் கடை விரித்த ஒரு இந்தியர் இருக்கிறார். அவர்தான் அல்லிதினா விஸ்ராம்.

யார் இவர்?

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள கேரா என்ற ஊரில் 1851-ல் பிறந்தவர். சுமார் 12 வயசுலயே கப்பல் ஏறி கிழக்கு ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. இன்றைய தான்சானியா கடற்கரையில் உள்ள பாகமோயோவில், சேவா ஹாஜி பாரூ என்ற பெரிய வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே என்ன வியாபாரம்?

துணி, உப்பு மாதிரியான சரக்குகளைச் சுமையாட்கள் தலையில் ஏற்றி, மாதக்கணக்கில் நடந்து உள்நாட்டுக்குக் கொண்டு போவாங்க. திரும்பி வரும்போது யானைத் தந்தம், தேன்மெழுகு வரும். இந்தத் தொழிலை அடி முதல் கற்ற விஸ்ராம், தனியாகவும் கடைகள் திறந்தார். 1897-ல் சேவா ஹாஜி இறந்த பிறகு, இந்த வியாபாரத்தில் முன்னணிக்கு வந்தார்.

திருப்பம் தந்த ரயில்

1896-ல் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போடத் தொடங்கியது பிரிட்டிஷ் அரசு. இதற்காக இந்தியாவிலிருந்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் கொண்டு போகப்பட்டார்கள். நோய், விபத்து எனச் சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். பிரிட்டனிலேயே பலர் இதைப் பைத்தியக்கார ரயில் என்று கிண்டல் செய்தார்கள்.

விஸ்ராம் வேற மாதிரி கணக்குப் போட்டார். இத்தனை ஆயிரம் பேருக்கு அரிசி, பருப்பு, மாவு வேணுமே? தண்டவாளம் நகர நகர அவர் கடையும் நகர்ந்தது. 1901-ல் பாதை ஏரிக்கரையில் உள்ள கிசுமுவைத் தொட்டது. 1904 வாக்கில் அவருக்கு 30-க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. இன்னொரு வசதியும் இருந்தது. அப்போது அங்கே புழங்கிய பணமே இந்திய ரூபாய்தான்!

கடன்தான் முதலீடு

எல்லாக் கடையிலும் அவரே உட்கார முடியாதே. ஊரிலிருந்து வரும் இளைஞர்களை முகவர்களாக வைத்து, சரக்கைக் கடனாகக் கொடுத்தார். அவர்கள் அதை விற்று, உள்ளூர் விவசாயிகளிடம் எள், நிலக்கடலை, மிளகாய், தோல் வாங்கி அனுப்பினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட சின்னக் கடைக்கு 'டுகா' என்று பெயர். இந்தியில் கடையைக் குறிக்கும் 'துக்கான்' என்ற சொல்லின் உறவுதான் இது.

உகாண்டாவில் 1903 முதல் பருத்தி சாகுபடி பரவியதும், பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் ஆலைகளில் இறங்கினார். எண்ணெய் ஆலை, மர அறுவை ஆலை, தோட்டங்கள் என்று தொழில் விரிந்தது.

எங்கே சறுக்கியது?

அவர் கடைகள் பிரிட்டிஷ் பகுதியிலும் இருந்தன, ஜெர்மானியப் பகுதியிலும் இருந்தன. 1914-ல் இரண்டு தரப்பும் போரில் மோதின. 1916-ல் காங்கோவுக்கு வியாபாரப் பயணம் போன விஸ்ராம், காய்ச்சல் கண்டு அதே ஆண்டு காலமானார். மகன் அப்துல் ரசூலும் சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டார். 1920-களில் தொழில் சாம்ராஜ்யம் சிதறிப் போனது. யாருக்கு எவ்வளவு கடன், யாரை நம்பலாம் என்பதெல்லாம் ஒரே மனிதரைச் சுற்றி ஓடிய தொழில் அது. அவர் போனதும் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

அதற்குப் பிறகு?

விஸ்ராம் போட்ட பாதையில் முல்ஜிபாய் மத்வானி, நான்ஜி காளிதாஸ் மேத்தா போன்றவர்கள் வந்து, உகாண்டாவில் சர்க்கரை ஆலைகளை நிறுவினார்கள். ஆனா பருத்தி ஆலைகள் ஆசியர்கள், ஐரோப்பியர்கள் கையிலேயே இருந்தன. விளைவித்த ஆப்பிரிக்க விவசாயிகளுக்கு அதில் பங்கு இல்லை. தங்கள் பருத்தியைத் தாங்களே அரைக்க உரிமை கேட்டு 1949-ல் அங்கே கலவரமே வெடித்தது. 1972-ல் இடி அமீன் ஆசியர்களை 90 நாள் கெடு வைத்து வெளியேற்றியபோது, அந்தப் பழைய கோபத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

இன்று தொழில் தொடங்குவோருக்கு என்ன பாடம்?

2017-ல் மொம்பாசா - நைரோபி இடையே புதிய ரயில் பாதை திறக்கப்பட்டது. பாதை வரும் இடத்துக்கு முன்கூட்டியே போகணும் என்ற விஸ்ராமின் கணக்கு இப்போதும் செல்லும். கூடவே இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். முதலாளி இல்லாத நாளிலும் ஓடும் அளவுக்கு கணக்கு வழக்கு எழுத்தில் இருக்கணும். உள்ளூர் மக்களுக்கு லாபத்தில் பங்கு இருக்கணும்.

விஸ்ராமின் கடைகள் இன்று இல்லை. தந்தையின் நினைவாக மகன் கட்டிக்கொடுத்த பள்ளி மட்டும் அவர் பெயரோடு மொம்பாசாவில் நிற்கிறது.