மண் வளம் காத்த கார்வர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டைமண்டு என்னும் சிற்றூரின் அருகே, 1864ஆம் ஆண்டளவில், அடிமைப்பெண் ஒருத்தியின் மகனாகப் பிறந்தார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைகளின் பிறந்த நாளைக் குறித்து வைப்பார் இலர். ஆதலின் அந்நாளை அவரும் அறியார். கைக்குழந்தையாய் இருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மட்டுமே மீண்டது.

அடிமைமுறை 1865இல் ஒழிந்தபின், முன்னாள் உடைமையாளரான மோசஸ் கார்வரும் அவர் மனைவியாரும் சிறுவனை வளர்த்தனர். வாடிய செடியைத் தளிர்க்கச் செய்யும் திறம் அவனிடம் இளமையிலேயே இருந்தது. அயலார் அவனைச் செடி மருத்துவன் என்றே அழைத்தனர். பின்னர்க் கல்வியை நாடி ஊர் ஊராய் அலைந்து, சமையல் செய்தும் துணி வெளுத்தும் பொருள் ஈட்டிப் படித்தார் கார்வர். ஒரு கல்லூரி மடல் வாயிலாக இடம் தந்து, நேரில் சென்றதும் அவர்தம் நிறங்கண்டு கதவை அடைத்தது.

1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றது. சிறிய கல்லூரிதான். அங்கே ஓவியமும் இசையும் பயின்றார். ஓவியமே தம் வாழ்வென எண்ணியிருந்தார். ஓவிய ஆசிரியை எட்டா பட் அம்மையார், மாணவரின் மலர் ஓவியங்களையும் செடிகளைப் பற்றிய அறிவையும் ஒருங்கே கண்டார். கறுப்பின இளைஞர் ஒருவர் தூரிகையால் பிழைத்தல் அரிது என்பதையும் உணர்ந்தார். தம் தந்தையார் ஆசிரியராய் இருந்த ஏம்ஸ் நகர வேளாண் கல்லூரிக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். விரும்பியதை விடுதல் எவர்க்கும் எளிதன்று. எனினும் கார்வர் 1891இல் அங்குச் சேர்ந்து, 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே, அலபாமாவில் கறுப்பினத்தார்க்கென நடைபெற்ற டஸ்கீஜி கல்வி நிலையத்தின் தலைவர் புக்கர் வாஷிங்டன் அவரை வேளாண் ஆசிரியராய் அழைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் பருத்தியே விளைத்தமையால் அப்பகுதி நிலங்கள் சாரமிழந்து கிடந்தன. மழைநீர் மேல்மண்ணை அரித்துச் சென்றது. ஆய்வுக்கூடமோ இல்லை. மாணவருடன் குப்பைமேடுகளைத் துழாவி, உடைந்த புட்டிகளையும் பழைய பாத்திரங்களையும் கொணர்ந்து கருவிகள் அமைத்தார். பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து மண்ணை வளப்படுத்தும். ஆதலின் பருத்தி விளைந்த நிலத்தில் தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றி விதைக்கக் கற்பித்தார். உரம் வாங்க இயலாத ஏழை உழவர்க்கு, இலைச்சருகும் சதுப்புநிலச் சேறும் கொண்டு எருவிடும் வழி காட்டினார். 1906 முதல், கல்லூரிக்கு வர இயலாதாரைத் தேடி, கருவிகள் ஏற்றிய வண்டியொன்று சிற்றூர்களுக்குச் சென்றது. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் இவரே எனப் பலர் கூறுவர், அது பிழை. அவர் பெருமைக்கு அக்கதை வேண்டுவதும் இல்லை.

1943 ஜனவரி 5ஆம் நாள் இறக்கும்வரை டஸ்கீஜியிலேயே வாழ்ந்தார். தம் சேமிப்பை ஆராய்ச்சிக்கென வைத்துச் சென்றார். ஓவியத்தையும் அவர் முற்றிலும் துறந்தாரல்லர். அலபாமாவின் களிமண்ணிலிருந்தே வண்ணங்களைப் பிரித்தெடுத்துப் படங்கள் தீட்டினார்.