அறிஞர் முன்ஷி அப்துல்லாஹ்



கமுந்திங்கில் நமது மளிகைக் கடைக்கு வருகிறவர்களில் சிலர், நாம் தமிழர்களா மலாய்க்காரர்களா என்று இன்றும் கேட்பதுண்டு. மலாய்க்காரர் ஒரு விதமாகவும், தமிழ் பேசும் இந்துச் சகோதரர் வேறு விதமாகவும் கேட்பார்கள். இக்கேள்வி புதியதன்று. இதே கேள்விக்கு நடுவில் பிறந்து, வாழ்ந்து, புகழ் பெற்ற பெரியார் ஒருவர் உண்டு. அவர்தாம் மர்ஹூம் முன்ஷி அப்துல்லாஹ்.

அன்னாரின் பாட்டனாருடைய தகப்பனார் எமன் நாட்டு அரபி. நாகூருக்கு வந்து கல்வி போதித்து, அங்கேயே மணமுடித்தவர். அவருடைய மகன் மலாக்காவில் குடியேறி, மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை நிக்காஹ் செய்தார். அக்குடும்பத்தில் 1796-ல் அப்துல்லாஹ் பிறந்தார். அவருடைய பாட்டியார் கம்போங் பாலியில் ஏறக்குறைய 200 பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தார்.

அக்காலத்தில் மலாக்காவில் நம் நாட்டு வர்த்தகர்கள் நிறைந்திருந்தபடியால், கணக்கு வழக்குக்குத் தமிழே பாஷையாக இருந்தது. வசதியுள்ள வீட்டார் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைத்தனர். அப்துல்லாஹ்வும் இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார். பின்னர் கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானியைக் கற்றார். முன்ஷி என்ற பட்டம் அவர்கள் சூட்டியதே. பதினைந்து வயதுப் பருவத்தில், மலாக்கா வந்திருந்த ராபிள்ஸ் துரையிடம் எழுத்து வேலை செய்தார்.

பிறகுதான் சோதனை வந்தது. கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். மார்க்கம் மாறிவிடுவார் என்று நம்மவர்களே சந்தேகித்து, பாதிரி என்று பட்டப் பெயர் வைத்தார்கள். அவரோ முஸ்லிமாகவே வாழ்ந்தார். 1854-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுச் சென்று, அரபு நாட்டிலேயே வபாத்தானார்.

பஞ்சதந்திரக் கதைகளை 1835-ல் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். 1838-ல் கிளந்தான் சென்ற பிரயாணத்தை நூலாக்கினார். 1843-ல் எழுதி முடித்த தம் வாழ்க்கை வரலாறு 1849-ல் அச்சாயிற்று. அரசர் கதைகளே மிகுந்திருந்த மலாய் மொழியில், சாதாரண ஜனங்களின் வாழ்வைத் தம் கண்ணால் கண்டபடி எழுதினார். ஆகவேதான் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்பட்டார்.

பின்னாளிலும் அவரைப் பற்றிய அபிப்பிராயம் ஒரே நிலையில் நிற்கவில்லை. வெள்ளையர் ஆட்சியில் அவர் நூல்கள் பாடமாயின. சுதந்திரத்துக்குப் பின் அறிஞர் சிலர், அவர் வெள்ளையரை அதிகம் புகழ்ந்தார், மலாய் அரசர்களைக் கடுமையாகக் குறை கூறினார் என்று கண்டித்தனர். அவர் மலாய்க்காரர்தாமா என்றும் சிலர் கேட்டனர். அவர் பேனா சில இடங்களில் கடுமையாக ஓடியது மெய்யே. எனினும் மலாக்காவில் ஒரு பெரிய சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1957-ல் வந்த அரசியல் சட்டம், இஸ்லாத்தைப் பின்பற்றுவதையும் வழக்கமாக மலாய் பேசுவதையும் மலாய் ஆசாரத்தைக் கைக்கொள்வதையும் மலாய்க்காரரின் அடையாளங்களாகக் கூறுகிறது. நம்மவரில் பல குடும்பங்கள் அவ்வழியே மலாய்க்காரராகிவிட்டன. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் தமிழை விட்டால்தான் இந்நாட்டில் மதிப்பு என்று எண்ணுகிறவர்கள் அப்துல்லாஹ்வைப் பார்க்க வேண்டும். அவர் தமிழ் கற்றது மலாய்க்குத் தடையாகவில்லை, உதவியாகவே இருந்தது. அவ்வாறே, பிறர் பாஷை படித்தால் ஈமான் போய்விடும் என்று அஞ்சுகிறவர்களும் அவரைப் பார்க்க வேண்டும்.

நமது அத்தா தமிழில் எழுதி வைத்த கடைப் பேரேடு இன்றும் நம் பெட்டியில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மலாயில் நன்றாக எழுதுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பேரேட்டை வாசிக்க மட்டும் அவர்களுக்குத் தெரியாது. குற்றம் அவர்களுடையதன்று, கற்பிக்காத நம்முடையதே. பெருநாள் விடுமுறை முதல், இரவில் கடை அடைத்த பின் அரை மணி நேரம் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க நிய்யத் வைத்திருக்கிறோம். நீங்களும் துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் தொடங்குங்கள்.