பாறையில் உறங்கும் காடு!

ஒரு பாறை அடுக்கு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை அறிய, அதனுள் புதைந்து கல்லாகிப்போன உயிரினங்களைப் படித்தறிய வேண்டும். இந்தியாவில் தாவரப் புதைபடிவங்களைக் கொண்டு அப்பணியைத் தனியோர் அறிவியல் துறையாக வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி.

இன்றைய பாகிஸ்தானிலுள்ள பேரா நகரில் 1891 நவம்பர் 14-இல் பிறந்தவர் அவர். தந்தை ருச்சிராம் சாஹ்னி, லாகூர் அரசுக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் தொல்தாவரவியல் அறிஞர் சீவார்டிடம் பயின்ற சாஹ்னி, தாயகம் திரும்பி, 1921-இல் லக்னௌ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் பேராசிரியரானார். ராஜ்மஹால் குன்றுகளின் கற்களிலிருந்து அழிந்துபோன தாவரம் ஒன்றின் முழு உருவத்தை மீட்டமைத்து, அதற்குத் தம் ஆசானின் பெயரையே சூட்டினார். 1936-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் எக்காலத்தவை என்பது அன்று பெரும் விவாதமாக இருந்தது. கிரிடேசியஸ் காலத்தவை என்பது பலரின் கருத்து. எரிமலைக் குழம்பு ஓடி ஓய்ந்த இடைவெளிகளில் தோன்றிய ஏரிகளின் படிவுகளைச் சாஹ்னி ஆராய்ந்தார். அவற்றில் கிடைத்த பனையினங்களும் நீர்ப் பெரணிகளும் பிற்பட்ட காலத்தைக் காட்டுவதாக வாதிட்டார். இன்றைய கதிரியக்கக் காலக்கணிப்போ, அந்த எரிமலைப் பெருக்கைச் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இவ்விரு காலங்களும் சந்திக்கும் எல்லையில் வைக்கிறது.

பஞ்சாப் உப்பு மலைத்தொடர் குறித்த அவரது முடிவுக்கு அந்த அளவு ஆதரவும் கிட்டவில்லை. உப்பில் காணப்பட்ட நுண்ணிய தாவரத் துணுக்குகளைச் சான்றாகக் காட்டி, அது இயோசீன் காலத்தது என்றார் அவர். ஆனால், அந்த உப்பு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்பதே இன்றைய அறிவியலின் முடிவு. எனினும், கண்ணுக்குப் புலப்படாத துணுக்கைக்கூடச் சாட்சியாக நிறுத்தி விசாரிக்கலாம் என்னும் அவரது அணுகுமுறை வீண்போகவில்லை. இன்று மகரந்தத் துகள்களைக் கொண்டு பண்டைய பருவநிலையைக் கணிக்கும் ஆய்வுகள் அத்தடத்தில்தான் நடைபோடுகின்றன.

தொல்தாவரவியலுக்கெனத் தனி நிறுவனம் அமைப்பது அவரது நெடுநாள் கனவு. புதைபடிவங்களைப் பதித்து உருவாக்கிய அடிக்கல்லைப் பிரதமர் நேரு 1949 ஏப்ரல் 3-இல் லக்னௌவில் நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-இல், 57 வயதில் மாரடைப்பால் சாஹ்னி மறைந்தார். அடிக்கல்லோடு நின்றிருக்க வேண்டிய அப்பணியைத் தம் தோளில் ஏற்று நிறைவேற்றியவர் அவருடைய மனைவி சாவித்திரி சாஹ்னி. இன்று அந்நிறுவனம் சாஹ்னியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஓர் ஆய்வாளரின் முடிவுகளைப் பின்வரும் தலைமுறை திருத்தலாம். அதுவே அறிவியலின் இயல்பு. அவ்வாறு திருத்துவதற்கான கருவிகளையும், மாணவர்களையும், நிறுவனத்தையும் விட்டுச் செல்பவர் அரிது. நம் பல்கலைக்கழகங்கள் சாஹ்னியிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.