இராபர்ட் ஓவன்

பலர் கூடித் தொழில் புரியும் நிலையத்தில் மாந்தர்தம் ஒழுகலாறு இருவகை ஆற்றல்களால் உருப்பெறுகின்றது. உள்ளத்துள் நின்று இயக்கும் மானமும் நம்பிக்கையும் ஒருவகை. புறத்தே நின்று வளைக்கும் விதியும் கூலியும் சூழலும் மற்றொரு வகை. இவற்றின் இயல்பைத் தம் வாழ்க்கையையே ஆய்வுக்களமாக்கிக் கண்டவர் இராபர்ட் ஓவன் என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஓவன் 1771-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், வேல்ஸ் நாட்டு நியூட்டவுன் என்னும் சிற்றூரில், சேணம் செய்வார் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். பத்தாம் வயதிலேயே வீட்டைத் துறந்து துணிக்கடைகளில் ஊழியம் புரிந்தார். இருபது வயதளவில், மான்செஸ்டர் நகரில் 500 பேர் வேலை செய்த நூலாலை ஒன்றை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1799-இல் ஸ்காத்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள நியூ லானர்க் ஆலைகளைக் கூட்டாளிகளுடன் விலைக்கு வாங்கினார். அவற்றை விற்ற டேவிட் டேல் என்பாரின் மகளாரை அவ்வாண்டிலேயே மணந்து, 1800-இன் தொடக்கத்தில் ஆலைகளின் ஆட்சியை ஏற்றார்.

ஆங்கு ஏறக்குறைய 2,000 மக்கள் வாழ்ந்தனர். குடியும் களவும் சோம்பலும் அவர்களிடை மலிந்திருந்தன. குற்றம் செய்தாரை ஒறுத்து விலக்குவதே அந்நாளைய முதலாளிகள் வழக்கம். ஓவனோ, மக்களின் குணத்தை ஆக்குவது அவர்தம் சூழலே என்று துணிந்தார். எனவே வீடுகளையும் தெருக்களையும் திருத்தினார். நல்ல பண்டங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கடை நிறுவினார். பத்து வயது நிரம்பாச் சிறாரை ஆலையில் சேர்ப்பதை ஒழித்தார். 1816-இல் கல்விநிலையம் திறந்தார்.

ஒவ்வொரு தொழிலாளி அருகிலும் நான்கு பக்கமுள்ள சிறு மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், மஞ்சள், வெண்மை என்னும் நிறங்கள் தீயது, நடுத்தரம், நல்லது, மிக நல்லது என்னும் முந்தைய நாள் நடத்தையை முறையே காட்டின. மேற்பார்வையாளர் இட்ட நிறம் தகாதெனக் கருதுவோர் ஓவனிடமே முறையிடலாம். வசைமொழியும் அடியும் இல்லை. ஆயினும் அந்நிறம் ஒவ்வொருவர் மானத்தையும் தொட்டது.

எனினும், அயல்நாட்டாரான ஓவனைத் தொழிலாளர் நெடுநாள் ஐயுற்றே நோக்கினர். அமெரிக்க நாடு தன் வாணிகத்திற்குத் தடையிட்டமையால் பஞ்சு விலை ஏறி, ஆலைகள் நான்கு மாதங்கள் நின்றன. அக்காலத்தும் ஓவன் ஒருவரையும் விலக்காது முழுக்கூலியும் ஈந்தார். 7,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று. கட்டளைகளால் பெறலாகாத நம்பிக்கையை அச்செயல் பெற்றுத்தந்தது.

பிறரை ஆளும் ஓவனையும் புறவாற்றல்கள் விட்டில. ஊதியமே கருதிய கூட்டாளிகள் அவர்தம் செலவுகளைத் தடுத்தனர். ஆகவே 1813-இல், முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீத வருவாயே போதுமென்ற புதிய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். அறிஞர் பெந்தாம் அவருள் ஒருவர். சிறாரைக் காக்கச் சட்டம் வேண்டி அவர் பெரிதும் உழைத்தார். ஆனால் 1819-இல் நிறைவேறிய சட்டம், கண்காணிக்கத் தக்க அலுவலர் இன்றி வலுவிழந்திருந்தது.

1825-இல் அமெரிக்காவின் இந்தியானா நாட்டில் நியூ ஹார்மனி என்னும் ஊரை வாங்கிப் பொதுவுடைமைக் குடியிருப்பு அமைத்தார். நல்ல சூழல் ஆங்கும் இருந்தது. ஆனால் பல்வேறு நோக்கத்தோடு வந்து கூடினோரிடை உள்ளத்து ஒருமை இல்லை; ஓவனும் தொடக்கத்தில் பல மாதங்கள் உடனிருந்திலர். 1827-க்குள் அம்முயற்சி சிதைந்தது. பின்னரும் தொழிலாளர் நலத்துக்கே உழைத்த அவர், 1858-இல் தாம் பிறந்த ஊரிலேயே உயிர்நீத்தார்.

சூழலே மனிதனை ஆக்குகின்றது என்பது ஓவனின் கொள்கை. அஃதே முழு உண்மையாயின், அச்சூழலை மாற்ற முற்பட்ட ஓவனை ஆக்கியது யாது? சேணக்காரர் மகனைப் பிறர் துயர் கண்டு இரங்கச்செய்த ஆற்றல் அவர் அகத்தே இருந்ததன்றோ? நல்ல விதிகள் நன்னிலம் போல்வன. உள்ளத்தின் இசைவே வித்து. நிலம் திருந்தியும் வித்தின்றேல் விளைவில்லை என்பதை நியூ ஹார்மனியும், இரண்டும் கூடின் விளையும் என்பதை நியூ லானர்க்கும் நமக்கு உணர்த்தி நிற்கின்றன.