வயிற்றுக்குத் தாளம் போடும் அணுக்களைக் கண்டவர்

கோவண்டி ஸ்டேஷனில் காலை லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆனால் சற்று முன் அவர் சாப்பிட்டுவிட்டு வந்த இட்லியை அவருடைய இரைப்பை தன் போக்கில்தான் அரைக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறை, அலை அலையாகச் சுருங்கி, உணவைக் கூழாக்கிக் கீழே தள்ளும். இந்தத் தாளத்தைப் போடுபவை இரைப்பைச் சுவரில் உள்ள நுண்ணிய உயிரணுக்கள். அவற்றுக்குக் கஹால் அணுக்கள் என்று பெயர்.

அந்தப் பெயருக்கு உரியவர் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி. சிறுவயதில் முடிதிருத்தும் கடையில் எடுபிடியாக இருந்தவர்; செருப்புத் தைத்தவர்.

குறும்புக்காரச் சிறுவன்

சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1852ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி வட ஸ்பெயினில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை ரண சிகிச்சை செய்பவர், மிகவும் கண்டிப்பானவர். மகனை டாக்டராக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ ஓவியத்தில்தான் மோகம்.

11 வயதில் கஹால் தானே ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தகர்த்தார். அதற்காகச் சில நாள் காவலில் இருந்தார். படிப்பு ஏறாத மகனை முடிதிருத்துபவரிடமும், பிறகு செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்குச் சேர்த்துவிட்டார் தந்தை.

1868ஆம் ஆண்டு கோடையில் தந்தைக்கு ஒரு யோசனை தோன்றியது. மகனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே வெளியே கிடந்த எலும்புகளைக் காட்டி உடற்கூறு பாடம் நடத்தினார். எலும்புகளைப் பார்த்துப் பார்த்து மகன் படம் வரைந்தார். ஓவிய ஆசையே அவரை வைத்தியத்துக்குக் கொண்டுவந்தது. 1873இல் சரகோசா நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

கியூபா தந்த நோயும் பணமும்

1874இல் ராணுவ டாக்டராகக் கியூபா சென்றார். அங்கே மலேரியாவும் சீதபேதியும் அவரை உருக்குலைத்தன. மறு ஆண்டே ஊர் திரும்பினார். மிஞ்சிய சம்பளப் பாக்கிதான் பின்னர் ஒரு மைக்ராஸ்கோப் வாங்க உதவியது. 1878இல் காசநோய் வந்து ரத்தம் கக்கினார், அதிலிருந்தும் மீண்டார். 1879இல் சில்வேரியா என்ற பெண்ணை மணந்தார். 7 குழந்தைகள் பிறந்த குடும்பத்தைச் சிக்கனமாக நடத்தி, கணவரின் ஆராய்ச்சிக்கும் வழிசெய்தவர் இந்த அம்மையார்.

1887ஆம் ஆண்டு அவருக்குத் திருப்புமுனை. இத்தாலிய விஞ்ஞானி கோல்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுக்களைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையை 1873இலேயே கண்டுபிடித்திருந்தார். மாட்ரிட்டில் ஒரு நண்பர் வீட்டில் அந்தக் கண்ணாடித் தகடுகளைக் கண்ட கஹால் அசந்துபோனார். அந்த முறையைச் சீர்படுத்தி, இரவு பகலாக ஆராய்ந்தார்.

நரம்புகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிய ஒரே வலை என்பது கோல்ஜியின் கொள்கை. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்று 1888இல் கஹால் அறிவித்தார். அதற்காகச் சொந்தப் பணத்தில் ஒரு பத்திரிகையே தொடங்கினார். அச்சிட்டவை 60 பிரதிகள்தான். ஸ்பானிஷ் மொழியில் வந்ததால் வெளிநாட்டவர் படிக்கவில்லை.

கஹால் சோர்ந்துவிடவில்லை. 1889இல் மைக்ராஸ்கோப்பையும் தகடுகளையும் சுமந்துகொண்டு பெர்லின் மாநாட்டுக்குப் போனார். புகழ்பெற்ற பேராசிரியர் கோலிக்கரை அழைத்து, நேரில் பார்க்க வைத்தார். 72 வயதான கோலிக்கர் தம் பழைய கருத்தைக் கைவிட்டு, கஹாலின் பக்கம் வந்தார். 1906இல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. பரிசு மேடையிலும் கோல்ஜி தம் கொள்கையை விடவில்லை.

வயிற்றுக்குள் ஒரு புதிர்

மூளையை ஆராய்ந்த அதே கண், குடலையும் விடவில்லை. குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே, நரம்பு முனைகளை ஒட்டி, நீண்ட கைகள் கொண்ட அணுக்களைக் கஹால் கண்டார். அவை ஆரம்ப நிலையிலுள்ள நரம்பணுக்கள் என்று கருதினார். அது சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவர் வரைந்த படத்தில் பிசகில்லை. 1934 அக்டோபர் 17ஆம் தேதி, 82ஆம் வயதில், மாட்ரிட்டில் அவர் காலமானபோது அந்த அணுக்களின் வேலை இன்னதென்று உறுதியாகவில்லை.

1982இல் டென்மார்க் விஞ்ஞானி துனேபர்க், வயிற்றுக்குத் தாளம் போடுபவை இவையாக இருக்கலாம் என்றார். 1992இல் ஜப்பானில் எலிக்குட்டிகளுக்கு, கிட் என்ற புரதத்தை மட்டும் முடக்கிப் பார்த்தார்கள். குடலின் அசைவு கெட்டது. அந்த அணுக்கள் வளர இந்தப் புரதம் தேவை. அணுவுக்குள் கால்சியம் வெளிப்பட்டவுடன் அதன் தோலில் சின்னஞ்சிறு வாசல்கள் திறக்கின்றன, குளோரைடு வெளியேறுகிறது, மின் அலை பிறந்து தசைக்குப் பரவுகிறது. அந்த வாசல் எந்தப் புரதத்தால் ஆனது என்பது 2009இல் தெளிவாயிற்று.

நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடும்; மணிக்கணக்காகச் செரிக்காமல் வாந்தி வரும். கஹால் அணுக்கள் குறைந்துபோவது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. சோம்பல் வயிறு என்று கேலி செய்யாமல், அவர்களை டாக்டரிடம் அனுப்புவது நல்லது.

அதே கிட் புரதத்தின் மரபணு பழுதானால் வயிற்றில் ஒருவகைப் புற்றுக்கட்டி வளரும் என்று 1998இல் ஜப்பானியர் கண்டறிந்தனர். அந்தப் புரதத்தை அடக்கும் இமாடினிப் மாத்திரை அந்நோயாளிகள் பலரின் ஆயுளை நீட்டித்தது. இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு ஏகபோக உரிமை கேட்ட வழக்கு 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் இந்தியக் கம்பெனிகள் குறைந்த விலையில் இதைத் தயாரித்துவர முடிந்தது.

தமக்கு விளங்காததையும் கண்டபடியே வரைந்து வைத்தார் கஹால். அதன் பயன் இன்று நோயாளியின் கைக்கு வந்திருக்கிறது.