ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (டிசம்பர் 24, 1818 - அக்டோபர் 11, 1889) ஓர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆவார். மின்னோட்டம் பாயும் கம்பி எவ்வளவு சூடேறும் எனக் கணக்கிட உதவும் விதியைக் கண்டறிந்தவர். ஆற்றலின் அலகு இவர் பெயரால் ஜூல் என வழங்கப்படுகிறது.

வாழ்க்கை

மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பியர் வடிப்பாலை உரிமையாளரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் ஜான் டால்ட்டனிடம் பாடம் கற்றார். பல்கலைக்கழகப் பதவி எதனையும் இவர் வகித்ததில்லை. ஆலையின் நீராவிப் பொறிக்குப் பதிலாக மின்கலத்தால் இயங்கும் மின்னோடியைப் பொருத்த இயலுமா என்பதே இவரது தொடக்ககால ஆய்வு. மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தைவிட அதே எடையுள்ள நிலக்கரி பன்மடங்கு வேலை செய்ததால் அம்முயற்சி பயனளிக்கவில்லை. மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க ஈய-அமில மின்கலம் 1859 இல்தான் உருவானது.

ஜூல் விதி

நீரில் அமிழ்த்திய கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை உயர்வை ஜூல் அளந்தார். உண்டாகும் வெப்பம் கம்பியின் மின்தடைக்கும் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என 1841 இல் வெளியிட்டார். ருசிய இயற்பியலாளர் லென்சும் தனியே இதே முடிவை அடைந்தார்.

மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். வீட்டில் மின்சாரக் காருக்கு மின்னேற்றம் செய்வோர் அறிய வேண்டியது இதுவே. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டின் மின்அளவியிலிருந்து கார் நிறுத்துமிடம் 20 மீட்டர் தொலைவில் உள்ளதாகக் கொள்வோம். போக வர 40 மீட்டர் கம்பி. அது 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் மின்தடை ஏறத்தாழ 0.3 ஓம். 16 ஆம்பியரில் இதில் சுமார் 76 வாட் வெப்பம் உண்டாகும். 7 கிலோவாட் மின்னேற்றிக்குத் தேவையான 32 ஆம்பியரில் அது 300 வாட்டைத் தாண்டும். அதுவும் சுவருக்குள் குழாயில் அடைபட்டு, மணிக்கணக்கில்! 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது 126 வாட்டாகக் குறையும். மின்துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது என்று கம்பியை மாற்றாமல் பெரிய துண்டிப்பானை மட்டும் பொருத்துவது தீவிபத்துக்கு வழிவகுக்கும். துண்டிப்பானின் அளவு, கம்பி தாங்கும் அளவை மீறலாகாது.

பிற ஆய்வுகள்

விழும் எடைகளால் துடுப்பைச் சுழற்றி, கலக்குவதாலேயே நீர் சூடேறுவதைக் காட்டினார். (ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் கரண்டியும் பாலைச் சிறிது சூடாக்கவே செய்கிறது, அடுப்பின் வெப்பத்தில் அது தெரிவதில்லை.) 1847 இல் ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்த வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, இவருடன் சேர்ந்து ஆய்வு செய்தார். 1870 இல் கோப்ளி பதக்கம் பெற்றார்.

சேல் நகரில் உள்ள இவரது கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தத் தேவையான வேலையை 1878 இல் இவர் அடி-பவுண்டில் அளந்து பெற்ற மதிப்பு அது.