ஓம்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். அவர்தம் தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாமே முயன்று கற்ற கணிதத்தை அவர் தம் மைந்தர்க்கும் கற்பித்தார்.

கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராயிருந்தபோது ஓம் மின்சாரத்தை ஆராய்ந்தார். அக்கால மின்கலங்கள் சீரான மின்னோட்டம் தரவில்லை. ஆதலால் செம்பும் பிஸ்மத்தும் இணைந்த கருவியின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னோட்டம் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பொறுமையுடன் அளந்தார். கம்பி நீள நீள, மின்னோட்டம் குறைந்தது. தட்டையும் பட்டறையையும் பார்த்து வளர்ந்த கைகளுக்கு இத்தகைய நுண்பணி எளிதாகவே இருந்திருக்கும்!

1827இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. மனம் நொந்த ஓம் பணியைத் துறந்தார், பல்லாண்டுகள் இடர்ப்பட்டார். 1841இல்தான் லண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. விரும்பிய பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852இல் கிட்டியது. ஈராண்டில் அவர் மறைந்தார்.

1881இல் பாரிசு மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பெறும் இஸ்திரிப்பெட்டியின் மின்தடை, 230ஐ 5ஆல் வகுக்க, 46 ஓம். அவ்விரண்டையும் பெருக்கினால் அதன் மின்திறன் 1150 வாட்.